மாமாவின் இதயம் ஏன் பெரிதாகத் தெரிந்தது

பெர்னதெத்,

உன் அப்பா எனக்குத் தெரியாமல் வைத்திக்குப்பம் வரை நடந்துபோய் மீன் வாங்கி வருகிறார், மூச்சே வாங்குவதில்லை. நான் எடுத்த எக்ஸ்ரேயில் மட்டும் அவர் இதயம் பெரிதாக இருந்தது. ஆறு மாதமாக எனக்கு இது புரியவில்லை. "மெஷின் சொல்றத நம்புவீங்க, எங்கப்பா சொல்றத நம்ப மாட்டீங்க" என்று நீ சண்டை போட்டாய்.

வேலூரில் எக்ஸ்ரே பயிற்சி வகுப்பில் இரண்டு இதயப் படங்களைக் காட்டினார்கள். இரண்டு நோயாளிகள் என்றேன். ஒரே ஆள்தான், ஒன்று நிற்க வைத்து எடுத்தது, பெரிதாகத் தெரிவது படுக்க வைத்து எடுத்தது என்றார்கள். அன்று காய்ச்சலில் நிற்க முடியாத மாமாவை நான் படுக்க வைத்தல்லவா எடுத்தேன்! படுத்தால் மெஷின் இதயத்துக்குக் கிட்டே வந்துவிடும்; விளக்குக்குக் கிட்டே கையை நீட்டினால் சுவரில் நிழல் பெரிதாக விழுமே, அதேதான். உடம்பை அலட்டக் கூடாது என்ற என் பேச்சைக் கேட்டு, ஆசையாக எறிந்து விளையாடிய பெத்தாங்க் இரும்புக் குண்டுகளைப் பக்கத்து வீட்டு லூயிசுக்குக் கொடுத்துவிட்டார், பாவம்.

நேற்று வேலூரிலிருந்து வந்தும் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. மன்னித்துவிடு.

பால் காய்ச்சி மூடியிருக்கிறேன். பத்து மணிக்கு மாமாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வா.

கிறிஸ்துதாஸ்

பி.கு.: லூயிசிடம் குண்டுகளை இப்போதே கேட்காதே. முதலில் படம் வரட்டும்.

இன்னொன்று: "மறுபடியுமா மாப்ளே?" என்பார் மாமா. இந்த முறை நிற்க வைத்து, மார்பைப் பிலிமோடு ஒட்டி, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, ஆறடி தள்ளியிருந்து எடுப்பேன். அப்போது இதயம் அதன் சரியான அளவில் தெரியும்.