கை வைக்கக் கூடாத துவக்கு

திங்கள்

மழை. கட்டடத்தில உடுப்புத் தோய்க்கிற முறை இண்டைக்கு எங்கட. கீழறை முழுக்கப் புழுக்கம்.

சுமதி தன்ர துவக்கைக் கழட்டிக் குசினி மேசையில பரப்பிப்போட்டாள். பழைய சுவிஸ் துவக்கு, மரக்கட்டை வைச்சது. என்ர மனுசி இஞ்சை பிறந்தவள், சிவப்புப் பாஸ்போட். சுடுற ஃபெராய்னில, அதுதான் கழகத்தில, போன வருசம் சேந்தவள். நான் சிலோன் பாஸ்போட். எங்கட பாஸ்போட்காரர் துவக்கில கையும் வைக்கக் கூடாதாம், சட்டம். சுவிஸ் பாஸ் கேட்டு எழுதிப் போட்டிருக்கிற நேரம். தொட்டா அதுவும் போச்சு.

மரக்கட்டையைத் துடைச்சு, காயட்டும் எண்டு கீழை உடுப்புக் காயப்போடுற அறையில சாத்தி வைச்சவள். கண்டனான்.

ஊரில துவக்கைக் கண்டா வேலி பாஞ்சு ஓடினனாங்கள். இஞ்சை மனுசி அதுக்கு எண்ணெய் பூசுறாள். எனக்குத் தலையில எண்ணெய் வைச்சுவிட்டு எவ்வளவு காலம்! துவக்கு அலுமாரிச் சாவி அவளின்ர சங்கிலியில, தாலிக்குப் பக்கத்தில.

வாங்க: வெங்காயம், ரின்பால், பஸ் அபோ (மாதச் சீசன்).

செவ்வாய்

துவக்கின்ர இரும்பு மரக்கட்டைக்குள்ள இறங்குதில்லை. சரியான இறுக்கம். ஞாயிறு அவளுக்குப் போட்டி.

"நான் ஒருக்காப் பாக்கவோ?"

"ஐயோ, தொடாதேங்கோ!"

கையைப் பின்னால கட்டிக்கொண்டு நிண்டன். மணிக்கூட்டு ஃபக்டறியில நாள் முழுக்க இறுக்கமான சாமான் பூட்டுறதுதான் என்ர வேலை. வீட்டில வாச்மன்.

பின்னேரம் ஃபெராய்னில அவளோட சுடுற ஊர்ஸ் வந்தான். மரவேலைக்காரன், நெடுவல், கலியாணம் கட்டாதவன். எனக்கு மரியாதைக்கு ஒரு "குரூஸெக்", வணக்கமாம். அவளுக்கு "சுமி, காட்டு பாப்பம்".

சுமி! அது நான் வைச்ச பேர். தாய் தேப்பனே சுமதி எண்டுதான் கூப்பிடுறவை.

ரெண்டு பேரும் ஒரே கட்டையில கை வைச்சு அமத்தினவை. இறங்கேல்லை. அதுக்கொரு சிரிப்பு. அவனுக்கு என்ர கதிரை, என்ர கப், ரெண்டாம் தேத்தண்ணி. போகேக்கை வாசலில என்னவோ குசுகுசு.

புதன்

குளிர். ஃபக்டறியில கை சரியில்லை, சாமான் பழுதாக்கிப் பேச்சு வாங்கினன்.

ஏன் இறங்கேல்லை எண்டு எனக்குத் தெரியும். அந்த அறைப் புழுக்கத்தைக் குடிச்சு மரம் ஊதிப்போச்சு. அமத்தி வேலையில்லை, காயவிடோணும். சொல்லேல்லை. சொல்லவும் மாட்டன். பூட்டாட்டி நல்லது, ஞாயிறு வீட்டில நிப்பாள். எரிச்சல்தான். ஓம், எரிச்சல்தான்.

இரவு புட்டும் மாம்பழமும். அவள் என்னையே பாத்துக்கொண்டிருந்தவள்.

வியாழன்

"இஞ்சேருங்கோ, நாளைக்குப் பின்னேரம் ஊர்ஸின்ர வேர்க்ஸ்ராட்டுக்கு, அவன்ர மரப்பட்டறைக்குக் கொண்டுபோறன். வரப் பிந்தும்."

"தனியவோ?"

"ஓம், தனிய."

சோத்துக் கோப்பையைத் தள்ளிவைச்சிட்டுச் சொல்லிப்போட்டன்: "அங்கை ஒண்டும் போகவேண்டாம். மரம் ஈரம் குடிச்சிருக்கு. சாமியறையில காத்துப்பட வையும். ஹீற்றருக்குக் கிட்ட வேண்டாம், வெடிக்கும்."

"சரியப்பா" எண்டாள். அவ்வளவுதான்.

சனி

மழை விட்டிட்டுது. காலமை பூட்டிப் பாத்தம். நான் வாயால, அவள் கையால. "அமத்தாதையும். நேராப் பிடியும். இப்ப விடும்." டக். இறங்கிட்டுது. குழந்தைப்பிள்ளை மாதிரித் துள்ளினாள். எனக்கும் சந்தோசம்தான்.

துணியை மடிச்சுக்கொண்டு சொன்னாள்: "ஊர்ஸ் செவ்வாய்க்கிழமையே சொன்னவன், மரம் ஈரமெண்டு. மரவேலைக்காரனுக்குத் தெரியாதோ? 'உன்ர மனுசனுக்கும் விளங்கியிருக்கும், அவர் சொல்லட்டும், விடு' எண்டவன். நானும் இப்ப சொல்லுவியள், இப்ப சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

"அப்ப வேர்க்ஸ்ராட்?"

"அது சும்மா சொன்னது. அங்கை போறன் எண்டாத்தானே உங்கட வாய் திறக்கும்."

தொடங்கேக்கை சிரிச்சவள், முடிக்கேக்கை சிரிப்பில்லை.

ஞாயிறு

நல்ல வெயில். அவள் வெள்ளெனப் போயிட்டாள். "வாங்கோவன், பாக்கிறதுக்கு ஒரு தடையுமில்லை" எண்டிட்டு.

ஊர்ஸ் நல்ல மனுசன். அதுதான் இன்னும் கூட எரியுது. கூடாதவன் எண்டா நிம்மதியாத் திட்டலாம். ரோல்ஸ் பொரிச்சுப் பெட்டியில வைச்சிருக்கிறாள், என்னைக் கொண்டுவரட்டாம், பாதி அவனுக்காம்.

சப்பாத்துப் போட்டாச்சு. பஸ் வரப்போகுது. எனக்கு முன்னால நிண்டு சுமி எண்டு கூப்பிடட்டும், பாப்பம்.