சின்ன வேனுக்கு வெட்டிய திரைச்சீலை

மாமி,

கடையில் என் மெஷினுக்குக் கீழே ஒரு துணிப்பை கிடக்கிறது. அதற்குள் உங்கள் திரைச்சீலைகளின் வெட்டுத் துண்டுகள் இருக்கின்றன. மஞ்சள் பூப் போட்ட அதே துணி. எத்தனை தரம் தோய்த்தாலும் போகாத டீசல் வாசம், அதற்குள்ளே எங்கோ ஒளிந்திருக்கும் கருவாட்டுப் பொரியல் வாசம். இன்று நூல் தேடிக் குனிந்தபோது பை திறந்துகொண்டது. பக்கத்து மெஷினில் தைக்கும் அக்கா மூக்கைச் சுளித்துக்கொண்டு, "என்னடி, லொறி ஒண்டைக் கொண்டுவந்து உள்ள வச்சிருக்கிறியோ?" என்று கேட்டார். நான் வழமைபோலச் சிரித்துவிட்டுப் பையைக் கட்டினேன். லொறி இல்லை, பஸ் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

உங்களுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பஸ்ஸை விற்றாயிற்று, மாமி. மாமா சின்ன வேன் ஒன்று வாங்கிவிட்டார். வாங்கச் சொன்னது நான்.

மாமா பஸ் சாரதி வேலையில் பென்ஷன் எடுத்த கையோடு பழைய பஸ் ஒன்றை ஓட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனை ஒழுங்கைக்குள் வந்து நின்ற நாளை நீங்கள் எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள். காலம் முழுக்க மற்றவர்கள் ஏறி இறங்க ஓடியது காணும், இனித் தான் ஏறிப் போகத்தான் ஓடப்போகிறேன் என்றாராம். நீங்கள் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் டேப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பஸ்ஸின் ஜன்னல்களை அளந்தீர்கள். சீட்டுகளைக் கழற்றி, பின்னால் பெரிய கட்டில், நடுவில் காஸ் அடுப்பு, ஓடும்போது திறந்துவிடாதபடி கொளுக்கி வைத்த அலுமாரி. கேத்தலுக்குக்கூட ஒரு கயிறு. சாரதி சீட்டுக்குப் பின்னால் இருந்த நீட்டு சீட்டை மட்டும் கழற்றவில்லை. அதுதான் பிறகு என்னுடைய இடமானது.

அப்பா இல்லாமல் போய், அம்மா குவைத்துக்குப் போய், நான் வெள்ளவத்தையில் சித்தி வீட்டுக்கு வந்த காலம் அது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். வகுப்பில் எழும்பிப் பதில் சொல்லச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். அது மட்டும் காரணமில்லை. ஆனால் மற்றக் காரணங்களைச் சொல்வதென்றால் இன்னும் அதிகமாகக் கதைக்க வேண்டும். ஏன் நின்றாய், ஏன் நின்றாய் என்று எல்லாரும் கேட்டார்கள். நீங்கள் கேட்கவில்லை. "அப்ப இனி எங்களோட திங்கக்கிழமையும் பயணம் வரலாம்" என்றீர்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் போன பயணங்களில் முக்கால்வாசிக்கு நானும் வந்தேன்.

சித்தி வீட்டில் நான் படுப்பது ஹோலில். எல்லாரும் டிவி பார்த்து முடித்துப் போன பிறகுதான் பாயை விரிக்கலாம். பஸ்ஸில் என் நீட்டு சீட்டுக்கென்று தனியாக ஒரு திரைச்சீலை தைத்துத் தந்தீர்கள். அதை இழுத்துவிட்டால் எனக்கென்று ஒரு அறை. அப்படி ஒன்று எனக்கு அதற்கு முன் இருந்ததில்லை.

பிறகு, அந்த "றைட்". மாமாவுக்கு எல்லாம் மறக்கும், மூக்குக்கண்ணாடி வைத்த இடம் மறக்கும். ஆனால் பின்னால் இருந்து ஒருவர் கொண்டக்டர்போல றைட் சொல்லாமல் அவரால் வண்டியை எடுக்க முடியாது. இஞ்சினைப் போட்டுவிட்டுக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருப்பார். நீங்கள் அடுப்பைப் பார்த்து, கொளுக்கிகளைப் பார்த்து, கேத்தலைக் கட்டி, கட்டிலில் வந்து அமர்ந்து, அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் விடுவீர்கள். "றைட்ட்!" கடற்கரையில் வலை இழுப்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். ஒருநாள் கோபத்தில் நீங்கள் சொல்லாமல் இருக்க, பஸ் அரை மணித்தியாலம் அதே இடத்தில் உறுமிக்கொண்டு நின்றது. "நோனா, டீசல் சும்மா எரியுது" என்றார் மாமா. "எரியட்டும்" என்றீர்கள்.

சின்ன வேன் கதையை முதலில் எடுத்தது மாமாதான். முழங்கால் நோகத் தொடங்கியிருந்தது. பஸ்ஸைக் கொட்டாஞ்சேனைக்குள் திருப்ப முடியாமல் மட்டக்குளியில் சிநேகிதர் ஒருவரின் வெறுங்காணியில் விட்டிருந்தார். அன்றிரவு கல்பிட்டியில் நீங்கள் இரண்டு பேரும் வாதாடியது திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.

"சின்னதில நான் நிமிர்ந்து நிண்டு தேத்தண்ணி போடேலுமோ? பிள்ளையை எங்க, கூரையிலயோ கட்டிறது?"

"அது சின்னப் பிள்ளை. எங்கயும் சுருண்டு படுக்கும்."

"சுருண்டு படுக்க அதுக்கு வேற இடம் இருக்கு. இங்க நீட்டிப் படுக்கட்டும்."

மாமா லைட்டை அணைத்தார். நான் மூச்சுக்கூடச் சத்தம் வராமல் விட்டுக்கொண்டு, காலை நன்றாக நீட்டிப் படுத்தேன்.

நீங்கள் கண்மூடிப் போன பிறகு ஒரே ஒரு தடவை பஸ்ஸில் போனோம். குளிருக்கென்று நீங்கள் ஆசைப்படும் பண்டாரவளைக்கு. மட்டக்குளியில் மாமா இஞ்சினைப் போட்டார். கண்ணாடியைப் பார்த்தார். உங்கள் கட்டிலில் யாரும் இல்லை. நான் கொளுக்கிகளைப் பார்த்தேன், கேத்தலைக் கட்டினேன், வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. கடைசியில் கொண்டக்டர்மார் செய்வதுபோல, பஸ்ஸின் தகரத்தில் இரண்டு தரம் தட்டினேன். மாமா தலையை ஆட்டிவிட்டு எடுத்தார்.

ஏற்றத்தில்தான் அதைக் கண்டேன். வாகனங்கள் நின்று நின்று போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொரு முறை கிளட்சை மிதிக்கவும் மாமா இடது கையால் தன் முழங்காலைப் பிடித்து அமத்தினார். ஒரு கையால் மட்டும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் முழங்காலில் நுளம்பு கடித்ததுபோலத் தடவிக்கொண்டார். பண்டாரவளையில் இரண்டு நாள் நின்றோம். திரும்பி வரும்போதும் அந்தக் கை முழங்காலில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள் மருதானையில் ஒரு டிங்கரிங் பட்டறைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். டொல்பின் வேன் ஒன்றை யாரோ படுத்துப் போகிற மாதிரி மாற்றி வைத்திருந்தார்கள். ஒரு ஆள் படுக்கிற கட்டில். அடுப்பு பின்கதவுக்குள் இருந்தது. வெளியே நிலத்தில் நின்றுதான் சமைக்க வேண்டும். கிளட்ச் இல்லை, ஓட்டோ கியர். பட்டறைப் பாஸ் கட்டிலைத் தட்டிக் காட்டினார்.

"பாருங்க அங்கிள், ராசா மாதிரிப் படுக்கலாம்."

"ராசா தனியத்தான் படுக்கோணுமோ?" என்றார் மாமா.

பாஸ் சிரித்தார். மாமாவும் சிரித்தார். நான் கட்டிலுக்கும் சாரதி சீட்டுக்கும் நடுவில் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே ஒரு கேத்தல் மட்டும் வைக்கலாம்.

பட்டறைக்கு முன்னால் இருந்த தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தோம். மாமா என்னைப் பார்க்காமல் பிளேன்டீயைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பஸ்ஸை வச்சிருந்தா நீயும் வரலாம். உன்ர மாமி இருந்திருந்தா இதைப் பற்றிக் கதைக்கவே விட்டிருக்கமாட்டா. நீ சொல்லு பிள்ளை. உனக்கு விருப்பமில்லையெண்டா அந்தாளிட்ட வேண்டாமெண்டு சொல்லிப்போட்டு வாறன்."

மாமி, நான் பேசாமல் இருந்திருந்தாலே போதும். நான் பேசாமல் இருப்பது யாருக்கும் புதினமில்லை. மாமா அதை விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டு எழும்பிப் போயிருப்பார். பஸ் இருந்திருக்கும். என் திரைச்சீலையும் இருந்திருக்கும். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை என் வாய்மூடித்தனம் எனக்கு உதவியிருக்கும்.

மேசைக்குக் கீழே அவருடைய கை முழங்காலில் இருந்தது.

"சின்னது காணும், மாமா" என்றேன்.

"வடிவா யோசிச்சோ?"

"ஓம்."

அவர் பிளேன்டீயை அடிமண்டிவரை குடித்தார். பகல் பயணம் என்றால் முன்சீட்டில் இருந்து வரலாம்தானே என்றார். அதற்கும் ஓம் என்றேன்.

பஸ்ஸை வாங்கியவர்கள் அதைத் திரும்பவும் சீட் போட்டுப் பிரைவேட் பஸ்ஸாக ஓட்டப்போகிறார்களாம். திரைச்சீலைகளை மாமா ஒரு சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தார். "உன்ர மாமி தைச்சதுதான், வேனுக்கு அளவாக்கித் தா" என்றார். உங்கள் தையலில் கத்தரிக்கோலை வைக்க எனக்குக் கை வரவில்லை. அதனால் நீங்கள் மடித்துத் தைத்த கரைகளை விட்டு, நடுவில் இருந்து வெட்டினேன். கரைகள் எல்லாம் என் பைக்குள் இருக்கின்றன. வேனின் சின்ன ஜன்னல்களுக்கு அதிகம் துணி தேவைப்படவில்லை.

மட்டக்குளியில் இருந்துதான் புறப்பட்டார். மட்டக்களப்புப் பக்கம் கொஞ்ச நாள் நிற்கப்போவதாகச் சொன்னார். நான் வெளியே நின்று வேனின் பக்கத்தில் இரண்டு தரம் தட்டினேன். கையைக் காட்டிவிட்டுப் போனார். பஸ் என்றால் அந்த ஒழுங்கை முடியும்வரை நெடுநேரம் தெரியும். வேன் உடனே மறைந்துவிட்டது. நான் வெள்ளவத்தைவரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். சீட் இருந்தது. அமரத் தோன்றவில்லை.

அடுத்த நாள் காலை, நான் கடையில் இருக்கும்போது போன் அடித்தது.

"புறப்படப் போறன், பிள்ளை" என்றார்.

"ம்" என்றேன்.

அவர் போனை வெட்டவில்லை. இஞ்சின் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. எதற்குக் காத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாதா? மெஷின் பலகையில் இரண்டு தரம் தட்டினேன்.

"ஒண்டும் கேட்கேல்லை" என்றார்.

சுற்றிவர எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது. போனை வாயோடு வைத்து, "றைட்" என்றேன்.

"என்ன பிள்ளை?"

நான் எழும்பி நின்றேன், மாமி. நீங்கள் கட்டிலில் இருந்து விடுவீர்களே, அதுபோல அடிவயிற்றில் இருந்து இழுத்து, சொல்லின் வாலையும் நீட்டி, "றைட்ட்!" என்று சொன்னேன். மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அக்கா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். அந்தப் பக்கம் வேன் நகரும் சத்தம் கேட்டது. பிறகு போன் செத்துவிட்டது. நான் உட்கார்ந்து ஊசியில் நூல் கோர்த்தேன்.

இப்போது புறப்படுகிற காலைகளில் எல்லாம் அழைக்கிறார். எங்கே நிற்கிறார் என்று சொல்வார். எனக்கு அந்த இடங்கள் தெரியாது. நாங்கள் மூன்று பேரும் போகாத இடங்கள்தான் அதிகம்.

இரவில் ஹோலில் சுருண்டுதான் படுக்கிறேன். காலையில் சித்தி வீட்டில் யாரும் எழும்ப முன்னர் குசினிக்குப் போய், ஒரு மிடறு சுடுதண்ணீர் குடித்து, தொண்டையைச் செருமிப் பார்த்துக்கொள்கிறேன். அவர் அழைக்கும்போது குரல் இருக்க வேண்டும்.