அருங்காட்சியகத்துக்குப் போன சாலமோன்

கவரைப்பேட்டை
14 அக்டோபர் 2024

அன்புள்ள ஸுப்ரஜா,

உன் பதவியேற்பு விழாவில் நான் ஆனந்தக் கண்ணீர் வடித்தேன் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. எதிர்வீட்டுக் கங்கம்மா காலையிலேயே வாசலில் வந்து நின்று, "இன்னா மிஸ்ஸு, உங்கிட்ட படிச்ச பொண்ணு பெரிய ஆளாயிட்டாளாமே! சந்தோசத்துல நீ அயுதுட்டியாமே! ஐயா சாவுல கூட நீ அயுது நாங்க பாக்கலியே" என்றாள். அவளுக்குப் பதில் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன்.

மருத்துவ ஆய்வுச் சங்கத்தின் ஃபெல்லோ, அதாவது சிறப்பு உறுப்பினர், என்று உன் பெயரை வாசித்தபோது எனக்குப் பெருமைதான். வகுப்பில் எழுந்து நிற்கவே கூச்சப்பட்ட பெண், அங்கி அணிந்து நிமிர்ந்து நின்றாய். புதிய ஃபெல்லோ ஒவ்வொருவரும் தம் ஆய்விலிருந்து ஒரு மாதிரியைச் சங்க அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பது வழக்கம் என்றார் தலைவர். நீ ஒரு கண்ணாடி ஜாடியின் மேலிருந்த துணியை விலக்கினாய். அடியில் என் கணவர் பெயர். உள்ளே அவருடைய நுரையீரல். அப்போதுதான் அழுதேன்.

இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியில் வேலை செய்து, அதன் மணல்தூசியால் அவர் இறந்தார். ஆஸ்பத்திரியில் காசநோய் என்று எழுதிவிட்டார்கள். உண்மையை நிரூபிக்க நுரையீரல் வேண்டும் என்று நீ கேட்டாய். கையெழுத்துப் போட்டேன். "ஆராய்ச்சி முடிஞ்சதும் நானே கொண்டுவந்து குடுத்துடறேன் மிஸ், கல்லறையில வெச்சிடலாம்" என்றாய். ஆராய்ச்சி முடிந்துவிட்டது. நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். அதற்குள் கொண்டுவா.

உன் நலம் நாடும்
பிலோமினா சாலமோன்


சென்னை
19 அக்டோபர் 2024

அன்புள்ள மிஸ்,

நமஸ்காரம். உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை.

கொடுத்த வாக்கை நான் மறக்கவில்லை. அதைவிடப் பெரியதைச் செய்கிறேன் என்று நினைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் எரித்துவிடுவோம். அப்பாவின் அஸ்தியைக் கரைத்ததும், திரும்பிப் பார்க்காமல் வா என்றார்கள். போய் நிற்க எங்களுக்கு ஓர் இடம் கிடையாது. சார் தம் பெயரோடு என்றைக்கும் ஓரிடத்தில் இருக்கப்போகிறார், எவ்வளவு பெரிய கௌரவம் என்று தோன்றியது. நீங்கள் அங்கே பார்த்துச் சந்தோஷப்பட வேண்டும் என்றுதான் முன்பே சொல்லவில்லை.

சங்கச் செயலாளர் பூவராகவனிடம் கேட்கிறேன். எப்படியும் வாங்கிவிடலாம் மிஸ். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் மாணவி
ஸுப்ரஜா


கவரைப்பேட்டை
23 அக்டோபர் 2024

அன்புள்ள ஸுப்ரஜா,

"எப்படியும் வாங்கிவிடலாம்" என்பது பதில் ஆகாது. என்று கொண்டுவருவாய் என்று எழுது.

சட்டை போடாமல் வாசலுக்குக்கூட வராத மனிதர் அவர். இப்போது வருகிறவர் போகிறவர் எல்லோரும் அவர் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். இதில் என்ன கௌரவம்?

கல்லறையைப் பார்த்துக்கொள்ளும் தேசப்பன் நேற்று கேட் அருகே நின்று, "இன்னா மிஸ்ஸு, ஐயாவோட மிச்சத்த எடுத்தாரேன்னு சொல்லிக்கினே கீற. இந்த வருசமாவது தோண்டறதா, வேணாவா? மய வேற வந்துக்கினு கீது" என்றான். தோண்டு என்று சொல்லிவிட்டேன்.

அவரோடு வேலை செய்தவர்களுக்கு இப்போது மார்புப் பரிசோதனை நடக்கிறது. அது உன்னால்தான். தினமும் ஜெபத்தில் உன்னை நினைக்கிறேன். அதற்காக அவரைத் திருப்பிக் கேட்காமல் இருக்க என்னால் முடியாது.

பிலோமினா சாலமோன்


சென்னை
28 அக்டோபர் 2024

அன்புள்ள மிஸ்,

இதை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

"ஃபெல்லோ குடுத்தது சங்கத்துக்குச் சொந்தம் டாக்டர். குடுத்தவங்களே கேட்டாலும் வெளியே போகாது, விதி அப்படி" என்றார் பூவராகவன். அப்படியானால் பதவியை விட்டுவிடுகிறேன் என்றேன். "தாராளமா விடுங்க. நீங்க போலாம், ஜாடி போகாது" என்று சிரித்தார்.

வழக்கறிஞரையும் பார்த்தேன். நீங்கள் கையெழுத்திட்ட சம்மதப் பத்திரத்தில் திருப்பிக் கொடுப்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் வாயால்தான் சொல்லியிருக்கிறேன். ஜாடியைக் கொடுத்த பத்திரத்தில் இருப்பதும் என் கையெழுத்துதான்.

சாரின் பெயரையாவது எடுத்துவிடச் சொல்லட்டுமா? அது மட்டும்தான் முடியும் என்கிறார்கள். மன்னித்துவிடுங்கள் என்று எழுதக் கை கூசுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய்கிறேன்.

ஸுப்ரஜா


கவரைப்பேட்டை
4 நவம்பர் 2024

அன்புள்ள ஸுப்ரஜா,

நேற்று நீ பலமுறை அழைத்தாய். நான் வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை.

பெயரை எடுக்க வேண்டாம். பெயரும் இல்லாமல் அவர் அங்கே இருக்கக் கூடாது. பதவியையும் விடாதே. விட்டுவிட்டால் அங்கே அவரைப் பார்த்துக்கொள்ள நமக்கு ஆள் இல்லை.

சனிக்கிழமை கல்லறைக்குப் போனேன். தோண்டிய குழியில் மழைத்தண்ணீர் நின்றது. மூடச் சொன்னேன், தேசப்பன் மூடினான். ஃபாதர் ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு வந்தார். எங்கள் கல்லறை முன் நின்றபோது, "ஃபாதர், இவர் இங்கே முழுசா இல்லை" என்று சொல்ல நினைத்தேன். மற்ற கல்லறைகளில் எல்லோரும் பூவோடு காத்திருந்தார்கள். சொல்லவில்லை.

எல்லாம் முடிந்தபின் ஃபாதரிடம் தனியே சொன்னேன். சங்கம் அனுமதித்தால் அருங்காட்சியகத்துக்கே வந்து மந்திரிப்பதாகச் சொன்னார். நாங்கள் இருவர்தான் வருவோம். மெழுகுவர்த்தி ஏற்ற மாட்டோம். பாட்டுப் பாட மாட்டோம். ஃபாதர் ஜாடியின்மேல் தீர்த்தம் தெளிப்பார், நான் ஒரு ஜெபம் சொல்வேன், போய்விடுவோம்.

இதற்கு அனுமதி உண்டா, இல்லையா என்று கேட்டு எழுது. ஃபோனில் சொல்லாதே. வாயால் சொன்னதை ஒருமுறை நம்பினேன். தேதி போட்டு, கையெழுத்திட்டு, தபாலில் அனுப்பு.

பிலோமினா சாலமோன்