ராணியின் மூக்கு

சேன்-ஒமேர்
4 மார்ச் 1861

அன்புள்ள ஃபிர்மனுக்கு,

நீங்கள் ஜீவேயில் இருப்பது படகுக்கார ரெமி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கட்டிய மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பியவர், கால்வாய்க் கரையில் ரெமியிடம் மட்டும் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். இருக்கட்டும். நான் நலம். இருமல்தான் விடுவேனா என்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் போன மறுநாள் புகைச்சுங்கான்களின் பித்தளை அச்சுப் பெட்டியைத் திறந்தேன். கல்யாணப்பெண் முக அச்சில் ஒரு பாதியைக் காணோம். தலைப்பாகைக்காரன் அச்சிலும் ஒரு பாதியைக் காணோம். மிச்சம் இருக்கிற இரண்டுமே துளை உள்ள பாதிகள். அப்படியானால் முளை உள்ள பாதிகள் இரண்டும் உங்கள் மூட்டையில். முளையும் முளையும் சேராது, துளையும் துளையும் சேராது. சின்ன வயதிலேயே உளி பிடித்தவர் செய்கிற வேலையா இது? கோபத்தில் கை தவறியதா, அல்லது நான் ஒரு சுங்கான்கூட அழுத்தி எடுக்கக் கூடாது என்று வேண்டுமென்றே செய்தீர்களா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

சண்டை எதற்கு என்பதே எனக்கு இன்னும் சரியாக விளங்கவில்லை. அச்சின் இரண்டு பாதியும் சேருகிற இடத்தில் களிமண் வரம்பு கட்டி நிற்கும். அதைச் சீவுவது என் வேலை. கல்யாணப்பெண்ணுக்கு அந்த வரம்பு நடு மூக்கில் வருகிறது. வரம்போடு மூக்கையும் கொஞ்சம் சீவிவிடுவேன். ஏனென்றால், என்னைப் பார்த்து வெட்டியது என்று நீங்கள் சொன்னாலும், அது என் மூக்கு இல்லை. “பதினோரு வருஷமா என் வேலையச் சீவித் தள்ளிட்டு இருந்திருக்கியேடி!” என்று கத்தினீர்கள். இதற்காக ஒரு மனுஷன் வீட்டை விட்டுப் போவானா?

பெந்தகோஸ்து பண்டிகைச் சந்தைக்கு எல்லோரும் கல்யாணப்பெண் சுங்கான்தான் கேட்கிறார்கள். என் முகத்தின் பாதியை அனுப்பிவிடுங்கள். தலைப்பாகைக்காரனின் பாதியை நான் அனுப்புகிறேன். நீங்களும் அவனும் சேர்ந்து இருங்கள்.

உங்கள் (இன்னும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்)
ஒதில்


ஜீவே
19 மார்ச் 1861

ஒதிலுக்கு,

வேண்டுமென்று செய்யவில்லை. கோபத்தில் பெட்டிக்குள் கையை விட்டேன். முளை தட்டுப்பட்டதை எல்லாம் எடுத்து மூட்டை கட்டினேன். இங்கே வந்து பிரித்தபோது நானே தலையில் அடித்துக்கொண்டேன். பட்டறை முதலாளி லமோத் எட்டிப் பார்த்துவிட்டு, “என்னய்யா, அரைப் பொண்டாட்டியும் அரைத் தலைப்பாகைக்காரனுமா வந்து நிக்கிறே?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

உன் பாதியை அனுப்ப மாட்டேன். உன்னை எதிரில் உட்காரவைத்துப் பார்த்துப் பார்த்து வெட்டியது அது. மூக்கு உன் மூக்குதான். என் கண்ணை நம்பாதவள் அந்த அச்சை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய்?

லமோத்துக்குக் கல்யாணப்பெண் பிடித்திருக்கிறது. காணாத பாதியை நானே புதிதாக வெட்டித் தரவேண்டும். அது சரியாகச் சேராவிட்டால், இரண்டு பாதியிலுமே மீசையும் தொப்பியும் வெட்டிச் சிப்பாய் ஆக்கிவிடலாம் என்கிறார். கோட்டை ஊர் இது, சிப்பாய் நன்றாக விற்குமாம். நான் தலையாட்டி இருக்கிறேன். அவர் ரொட்டியைத்தானே தின்கிறேன்.

இங்கே நல்ல மீன் கிடைப்பதில்லை. இருமலுக்கு வெந்நீரில் தேன் விட்டுக் குடி.

ஃபிர்மன்


சேன்-ஒமேர்
2 ஏப்ரல் 1861

ஃபிர்மன்,

மீசையா? என் முகத்திலா?

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை. பித்தளையில் குழித்தால் களிமண்ணில் மேடாக வரும். அச்சுக்குச் சேர்க்கத்தான் தெரியும், குறைக்கத் தெரியாது. மீசையை வைக்கலாம், வைத்த மீசையை மழிக்க முடியாது. அதோடு அந்த அச்சில் நான் இல்லாமல் போவேன்.

அந்த அச்சு எங்கிருந்து வந்தது என்று மறந்துவிட்டதா? உங்கள் அப்பா வெட்டியது ராணியை. ராஜா நாட்டை விட்டு ஓடினார், அதற்குப் பிறகு ராணியை வாயில் வைக்க ஆள் இல்லை. கிரீடத்தை எடுக்க வழியில்லாமல் அதைச் சுற்றிப் பூவாக வெட்டி, கல்யாணப்பெண்ணின் பூமாலை ஆக்கினீர்கள். நானும் அப்போதுதான் இந்த வீட்டுக்கு வந்தேன். என்னைப் பார்த்துக் கன்னத்தைக் கொஞ்சம் உப்பவைத்தீர்கள், உதட்டைத் தடிப்பாக்கினீர்கள். எல்லாம் சரி. மூக்கு? மூக்கைச் சின்னதாக்க உங்களால் எப்படி முடியும்? அது ராணியின் மூக்கு, ஃபிர்மன். பழகிப் பழகி உங்களுக்கு அது என் மூக்காகிவிட்டது.

இத்தனை வருஷமும் இதைச் சொல்ல எனக்குப் பயம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்று நீங்கள் ஒருநாளாவது பார்த்தீர்களா, இல்லை அப்பாவின் ராணியோடுதான் குடும்பம் நடத்தினீர்களா என்று கேட்டுவிடுவேனோ என்ற பயம். வாயால் கேட்க முடியாததால்தான் கத்தி மூக்குப் பக்கம் போயிற்று.

மீசை வெட்டினால் இங்கே திரும்பி வர வேண்டாம். இந்த வரியை எழுதிவிட்டு அழுதேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒதில்


ஜீவே
5 மே 1861

ஒதிலுக்கு,

உன் கடிதத்தைப் படித்து வந்த கோபத்தில் பதில் எழுதவில்லை. அந்தக் கோபத்திலேயே புதுப் பாதியை வெட்ட உட்கார்ந்தேன்.

பழைய பாதியில் விளக்குக் கரி பூசி, புதுப் பித்தளையில் ஒற்றி, கோடு எடுத்துக்கொண்டுதான் யாரும் வெட்டுவார்கள். நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூட அப்படித்தான் செய்வான். நான் ஒற்றவில்லை. “அளவு எடுக்கலையா?” என்று லமோத் கேட்டார். “எம் பொண்டாட்டி மூக்குக்கு அளவு வேற எடுக்கணுமா?” என்றேன். திமிர்தான்.

இரண்டு பாதியையும் சேர்த்து ஒரு சுங்கான் அழுத்தி எடுத்தோம். அதை வைக்கோல் சுற்றி இத்துடன் அனுப்புகிறேன், நீயே பார். வலப்பக்கம் பழைய மூக்கு. இடப்பக்கம் சின்ன மூக்கு. நடுவில் படி மாதிரி நிற்கிறது. லமோத் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஒண்ணு உம் பொண்டாட்டி, சரி. இன்னொண்ணு யாருய்யா?” என்றார்.

இப்போது எனக்கே ஒன்றும் புரியவில்லை. நீ சீவிய சுங்கான்களைப் பார்த்துப் பார்த்து என் கை கெட்டுவிட்டதா? இல்லை, நீ சொல்வதுதான் சரியா? பழைய பாதியைக் கையில் எடுத்தால் அதுதான் நீ என்று தோன்றுகிறது. புதுசை எடுத்தால் இதுதான் என்று தோன்றுகிறது. இடது கன்னமும் எனக்குச் சரியாக ஞாபகம் வரவில்லை. எதையோ வெட்டிவைத்தேன். எது உன் மூக்கு என்று நீதான் சொல்லவேண்டும்.

லமோத் பித்தளையில் மீசைக்கு மெழுகால் கோடு போட்டுவிட்டார். உன் பதில் வரும்வரை உளியைத் தொடமாட்டேன்.

ஃபிர்மன்


சேன்-ஒமேர்
14 மே 1861

அன்புள்ள ஃபிர்மனுக்கு,

சுங்கான் வந்தது. வழியில் தண்டு ஒடிந்துவிட்டது, தலை பத்திரம். நான் அதில் கத்தி வைக்கவில்லை. வரம்புகூட அப்படியே நிற்கிறது.

கண்ணாடி முன்னால் நின்று பார்த்தால் குழப்பம்தான் அதிகமாயிற்று. தன் மூக்கைத் தானே பார்த்தால் நியாயம் கிடைக்காது. ரெமியைக் கூப்பிட்டுச் சுங்கானை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “இந்தச் சின்ன மூக்கு நீதான். அந்தப் பக்கம் இருக்கிற அம்மா நம்மள எல்லாம் வாசல்லயே நிறுத்திருவாங்க” என்றான்.

நீங்கள் கையைக் குறை சொல்ல வேண்டாம். நான் சீவினால் மூக்கு நுனி மொட்டையாகத்தான் போகும். ஒரு சுங்கானிலும் அந்த நுனியை என்னால் சரியாகக் கொண்டுவர முடிந்ததில்லை. நீங்கள் வெட்டியதில் நுனி கொஞ்சம் மேலே எழும்பி நிற்கிறது, நிஜத்தில் எனக்கு இருக்கிற மாதிரியே. இதை நீங்கள் எந்தச் சுங்கானிலும் பார்த்திருக்க முடியாது. என்னிடம்தான் பார்த்திருக்க வேண்டும். எப்போது பார்த்தீர்கள்? நீங்கள் தலையை நிமிர்த்தியதாகவே எனக்கு ஞாபகம் இல்லை. அதை நினைத்து நினைத்து அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

கன்னம் மட்டும் தப்பு, யாருடைய கன்னமோ அது. என் இடது கன்னத்தில் சூளைத் தட்டு சுட்ட தழும்பு இருக்கிறது. நான் எப்போதும் உங்களுக்கு இடப்பக்கமே உட்கார்ந்து வேலை செய்தவள். உங்கள் பக்கம் இருந்தது என் வலது கன்னம்தான். தழும்பு மேடாகத்தான் இருக்கிறது. அச்சுக்குத் தெரிந்த வேலைதான், சேர்த்துவிடலாம்.

லமோத்திடம் மீசையை அவர் முகத்திலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ரெமி அடுத்த வாரம் அந்தப் பக்கம் வருகிறான். புதுப் பாதி, பழைய பாதி, அரைத் தலைப்பாகைக்காரன், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

என் முக்காலியை உங்கள் மேசைக்கு வலப்பக்கம் மாற்றிப் போட்டுவிட்டேன். அங்கே வெளிச்சம் குறைவுதான். பரவாயில்லை.

உங்கள்
ஒதில்