நான் சொன்ன பேர்

மகளே,

பதறாதே, அப்பா நடந்துதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். போனில் பேசினால் என் குரலே உன்னைப் பயமுறுத்திவிடும். அதனால் போனிலேயே எழுதி அனுப்புகிறேன்.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் அறை வாசலில் நின்ற மலையாளச் சிப்பந்தி, “ஏய் பாண்டி, இவிட வா” என்றான். எஸ்டேட் தமிழர் எல்லாரையும் இளக்காரமாக அப்படித்தான் கூப்பிடுகிறான். அப்பா அசையவில்லை.

“ஒங்களத்தான், எந்திரிங்க” என்றேன்.

“அது எம்பேரு இல்ல.”

அவருக்கு வேர்த்துக் கொட்டியது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து வாயால் சொல்லாத பேரை எல்லோரும் கேட்கக் கத்தினேன்.

“அழகுபாண்டி!”

உடனே எழுந்தார். என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார்.

இன்னும் வெளியே வரவில்லை. கேட்டால் யாரும் பதில் சொல்வதில்லை. நீ கிளம்பி வா. அதுவரை இந்தக் கதவுப் பக்கம் நின்று இன்னொரு தரம் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கட்டுமா?

உன் அம்மா