சிவப்பு அம்புகள்

அன்புள்ள அம்மாவுக்கு, ஆம்பூரிலிருந்து எப்சியின் ஸ்தோத்திரம். முட்டிவலி தேவலையா? நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

தினமும் காலை ஐந்திலிருந்து ஆறுவரை கதை எழுதுவதென்று முடிவெடுத்தேன் அல்லவா? கம்பெனியில் ஷூவில் குறை தெரிந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது என் வேலை. பழக்கதோஷம், கதையிலும் ஒட்டிவிட்டேன். பதினெட்டு நாளில் எழுதியது ஒரே பக்கம். அதிலும் எழுத்தைவிட அம்புதான் அதிகம். அறைத்தோழி ஜோதி பார்த்துவிட்டு, "இன்னா எப்சி, மொத்த லாட்டும் ரிஜக்டா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். ஐந்து மணிக்கு உட்கார்ந்தால் ஒன்றும் வருவதில்லை. கம்பெனியில் நிற்கும்போது வரிவரியாக வருகிறது. நேரம் தப்பா, நான் தப்பா, புரியவில்லை.

சில நாள் ஐந்துக்கு எழவே முடிவதில்லை, நம் அலாரம் கடிகாரத்தை அனுப்பிவையுங்கள். வேண்டாம், ஐந்து மணிக்கு நீங்களே போன் செய்து, வீட்டில் எழுப்புவதுபோல் திட்டுங்கள்.

இன்றும் கதைக்கென்றுதான் உட்கார்ந்தேன், இந்தக் கடிதம்தான் வந்தது. மணி ஆறு. ஓரிடத்திலும் அம்பு ஒட்டவில்லை. கம்பெனி பஸ் வந்துவிட்டது, ஜோதி கூப்பிடுகிறாள். இதுவும் எழுதியதில் சேர்த்தியா அம்மா?

எப்சி