மெழுகு மகுடமும் திரும்பி வந்த இளவரசியும்

மார்ச் 4, செவ்வாய்

பெட்டி வந்துவிட்டது. நாற்பது பிரதி. ஒவ்வொன்றும் கண்ணாடித்தாள் உறைக்குள் பளபளவென்று இருக்கிறது. அட்டையில் வெள்ளைக் குதிரை, அதன்மேல் வாளோடு ஒரு பெண். பெயர் ‘திரும்பி வந்த இளவரசி’. பாக எண் போடவில்லை. போடாவிட்டால் என்ன?

சனிக்கிழமைதோறும் நம் கடையில் கூடிக் கதை பேசும் வாசகர் கூட்டம் இந்தத் தொடரின் நான்காம் பாகத்துக்காக இரண்டு வருடமாக நச்சரிக்கிறது. ராஜா, மந்திரம், பறக்கும் பாம்பு என்று ஒரே கூத்துக் கதை. மூன்றாம் பாகம் ‘மெழுகு மகுடம்’ நம் கடையில்தான் அப்படிப் போனது. மற்ற கடைக்காரர்கள் எல்லோரும் “இன்னும் வரல” என்று கையை விரித்தார்கள். நான் ஒரு வெளிநாட்டு வியாபாரியின் பட்டியலைப் புரட்டினேன். அதே எழுத்தாளர், அதே தொடர், நம் கடைக்கு வராத பெயர். வேறென்ன, நான்காவதுதான். சட்டென்று பிடித்துப் போட்டேன்.

பட்டியல் பார்ப்பது எப்போதும் மருமகள் வேலை. அவள் தன் அக்கா வீட்டுக்குப் போய் மூன்று வாரமாகிறது. அவளைக் கேட்காமல் ஒன்றும் செய்யத் தெரியாதா எனக்கு? நடைபாதையில் நோட்டு விற்க உட்கார்ந்த காலத்தில் எந்த மருமகள் இருந்தாள்?

வாசலில் பலகை எழுதி வைத்தாயிற்று: நான்காம் பாகம், நம் கடையில் மட்டும், சனிக்கிழமை.

மார்ச் 8, சனி

கடை திறக்கும் முன்பே வரிசை. கூட்டத்துக்குத் தலைவி கணக்கு டீச்சர், ஓய்வு பெற்றவர். குடையை ஊன்றிக்கொண்டு முதல் ஆளாக நின்றார். “இவங்க ஒரு வார்த்த சொன்னா சொன்னதுதான்” என்று பின்னால் நின்றவரிடம் என்னைக் காட்டிச் சொன்னார். காது குளிர்ந்தது. மதியத்துக்குள் முப்பத்திரண்டு போய்விட்டது.

மார்ச் 9, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 10, திங்கள்

சரி, எழுதித் தொலைக்கிறேன். நேற்று காலை ஏழு மணிக்கு டீச்சர் போன் செய்தார். உறையைப் பிரித்து முதல் பக்கம் படித்தாராம். அடுத்த பக்கத்தில் என்ன வரும் என்று படிக்காமலே தெரிந்ததாம். இரண்டு தடவை படித்த புத்தகம் ஆயிற்றே! ‘திரும்பி வந்த இளவரசி’யும் ‘மெழுகு மகுட’மும் ஒன்றே. எழுத்துக்கு எழுத்து.

நான் ஏதோ உளறினேன். அச்சகத்தில் மாறியிருக்கும், இப்படி, அப்படி. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னார்: “நீங்க புத்தகம் விக்கலம்மா. அட்ட விக்கிறீங்க.”

கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கூட்டத்தையே ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள புத்தகக் கடைக்கு மாற்றப்போகிறார்களாம். இன்று ஒன்பது பேர் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். யாரும் சண்டை போடவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். இருபத்தாறு வருடத்தில் சம்பாதித்தது அந்த ஒரு பேர். அதுவும் போச்சா?

மார்ச் 11, செவ்வாய்

வேறு வழியில்லாமல் மருமகளுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அழுகிறாளோ என்று பார்த்தால், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

“அத்தை, அது அதே புத்தகம்தான். அந்த நாட்டுல வேற பேரு.”

“ஏன், பெத்தவன் வெச்ச பேரு என்ன கெட்டுப்போச்சு?”

பிறகு விளக்கினாள். அங்கே அதே வருடம் ‘மகுடம்’ என்று முடிகிற புத்தகம் ஏற்கெனவே இரண்டு வந்திருந்ததாம். மூன்றாவதும் மகுடம் என்றால் கடைக்காரனே குழம்புவான். மேலும் அங்கே இதை இளம் பெண்கள் வாங்கும் அலமாரியில் அடுக்குகிறார்கள், அதனால் இளவரசி. இன்னொரு நாட்டில் மெழுகு என்றாலே சாவு வீட்டு ஞாபகம் வருமாம். அங்கே ‘அணைந்த அடுப்புகளின் நாடு’. எழுதினவர் சும்மாவா இருந்தார் என்று கேட்டேன். “அவர் மொதல்ல வெச்ச பேரு எந்த நாட்டுலயும் வரல அத்தை” என்றாள். பாவம் மனுஷன்.

போனை வைத்தபிறகு ஒன்று உறைத்தது. நடைபாதைக் காலத்தில் நான் என்ன செய்தேன்? ஒரே நோட்டு, ஒரே தாள். பள்ளிக்கூடத்து வாசலுக்குப் பூனை படம் போட்ட அட்டை. அலுவலகங்கள் இருக்கும் தெருவுக்கு வெறும் நீல அட்டை. இடம் மாறினால் ஆள் மாறும், ஆள் மாறினால் ஆசை மாறும் — இது எனக்கா தெரியாது? நான் செய்தால் சாமர்த்தியம், புத்தகம் போடுகிறவர்கள் செய்தால் மோசடியா?

இல்லை. அவர்கள் மேல் தப்பே இல்லை. பூனை அட்டையைப் பார்த்து வேறு நோட்டு என்று நினைக்கிற ஆள் மாதிரி, அதே புத்தகத்தை நானே இரண்டாம் தடவை வாங்கியிருக்கிறேன். அதுதான் நடந்தது.

மார்ச் 12, புதன்

பலகையை அழித்து வேறு எழுதினேன்: ‘நான்காம் பாகம் என்று சொன்னது தவறு. இது மூன்றாம் பாகமே. படிக்காமல் விற்றேன். யார் வேண்டுமானாலும் திருப்பித் தரலாம்.’

ஊரிலிருந்து வந்து இறங்கிய மருமகள், பையைக்கூட வைக்காமல் படித்தாள். “படிக்காமல்னு போடணுமா அத்தை?” அதுதானே நடந்தது என்றேன். அவள் உள்ளே போய், ஒரு ‘மெழுகு மகுட’த்தையும் ஒரு ‘இளவரசி’யையும் எடுத்துவந்து பலகைக்குக் கீழே ஜோடியாக வைத்தாள். போகிறவர்கள் எல்லாம் நிற்கிறார்கள். இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள்.

நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் என் மூளை சும்மா இருக்குமா?

மார்ச் 13, வியாழன்

டீச்சர் வீட்டுக்கு நானே போனேன். மன்னிப்புக் கேட்டேன். பிறகு விஷயத்துக்கு வந்தேன்: 29ஆம் தேதி சனிக்கிழமை எல்லோரும் கடைக்கு வரட்டும். இந்தக் கதைக்கு எந்தப் பெயர் பொருத்தம் என்று பேசி ஓட்டுப் போடட்டும். அதற்குப் பிறகு ரயில் நிலையக் கடைக்குப் போவதானால் போகட்டும்.

டீச்சர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். “வர்றோம். ஆனா நீங்களும் படிச்சிருக்கணும். படிக்காதவங்களுக்கு ஓட்டு கெடையாது. நான் கேள்வி கேப்பேன்.”

மூன்று பாகம். பதினாறு நாள். கடன் பத்திரத்தைத் தவிர நான் முழுசாகப் படித்தது என்ன?

மார்ச் 17, திங்கள்

முதல் பாகம் முடிந்தது. பறக்கும் பாம்பை வைத்துக்கொண்டு எல்லோரும் நடந்தே போகிறார்கள். வாடகைக்கு விட்டிருக்கலாம்.

மார்ச் 22, சனி

இரண்டாம் பாகத்தில் ஒருத்தன் செத்தான். பெயரை எழுதக்கூட மனசு வரவில்லை. மருமகளிடம் சண்டை பிடித்தேன், முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று. சொன்னால் திட்டுவீங்க என்கிறாள். உண்மைதான்.

மார்ச் 27, வியாழன்

மூன்றாவதும் முடிந்தது. ராஜாவின் தலையில் மெழுகு மகுடம். உருகிவிட்டால் ராஜ்ஜியம் போய்விடும் என்று நாடு முழுக்க அடுப்பு மூட்டத் தடை. அட மடையா, கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டினால் முடிந்தது! இளவரசியோ 311ஆம் பக்கத்தில்தான் வருகிறாள். புத்தகமே 340 பக்கம். அவள் பெயரைப் போட்டு விற்றவன் என்னைவிடப் பெரிய ஆள்.

அந்தத் தடைக்காலம் முழுக்க வெயிலில் காயவைத்தும் ஊறவைத்தும் ஓர் ஊருக்கே சோறு போடுகிறாள் அரண்மனைச் சமையற்காரி. அவளைப் பற்றி ஒருவனும் அட்டையில் பேசவில்லை.

மார்ச் 29, சனி

இருபத்தேழு பேர் வந்தார்கள். நாற்காலி போதாமல் சிலர் புத்தகக் கட்டுகள் மேல் உட்கார்ந்தார்கள். டீச்சர் சொன்னபடியே கேள்வி கேட்டார். மகுடம் உருகுவது எங்கே, யார் பார்த்தது? குளியலறையில், சமையற்காரி பார்த்தாள் என்றேன். தலையை ஆட்டினார்.

இரண்டு மணி நேரம் வாக்குவாதம். இளவரசிப் பெயரைப் பார்த்துத்தான் என் தங்கை படிக்கவே ஆரம்பித்தாள், அதைக் குறை சொல்லாதீங்க என்று ஒருவர் மல்லுக்கு நின்றார். நான் எழுந்து, எனக்கு மூன்று பெயரும் சரியில்லை, ‘சமையற்காரி’ என்று வையுங்கள் என்றேன். ஒரே சிரிப்பு. “ஓட்டு வாங்க நிக்கிறாங்க பாரு” என்று யாரோ சீண்டினார்கள்.

‘மெழுகு மகுடம்’ ஜெயித்தது. சமையற்காரிக்கு நான்கு ஓட்டு. மருமகள் எனக்குப் போடவில்லை, கேட்டால் மனசாட்சி என்கிறாள். அந்த நான்கில் ஒன்று டீச்சருடையது. போகும்போது குடையை எடுத்துக்கொண்டு, “அடுத்த சனிக்கிழம நாற்காலி கொஞ்சம் கூடப் போடுங்க” என்றார்.

மிச்சமிருந்த பதினேழு ‘இளவரசி’யும் தீர்ந்தன. இரண்டு பெயரிலும் வைத்துக்கொள்ள ஆசையாம்.

அக்டோபர் 14, செவ்வாய்

நிஜமான நான்காம் பாகம் வந்துவிட்டது, இரண்டு நாட்டில் இரண்டு பெயரோடு. ஒன்றிலும் சமையற்காரி இல்லை. கோட்டை விட்டார்களே.

பெட்டியைத் திறந்ததும் மேலே இருந்ததை எடுத்து உறையைக் கிழித்தேன். பலகையைக் கையில் வைத்துக்கொண்டு மருமகள் நிற்கிறாள். எந்தப் பெயரை எழுதுவது என்று கேட்டாள். இரு என்றேன்.

மூன்று மணிக்கு டீச்சரின் போன். வந்துடுச்சாமே, எப்போ கிடைக்கும் என்றார்.

“கொஞ்சம் பொறுங்க டீச்சர். அறுபதாம் பக்கத்துல இருக்கேன்.”